கான்ஃபிகர் முடிந்தது, மேக்கும் முடிந்தது, ஆனால் வேண்டியது வரவில்லை: பில்டுக்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

மேன்ஷன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கத்திரி வெயில், ஃபேன் சுற்றுவதே காதுக்கு மட்டும்தான் தெரிகிறது. எழுத்தில் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றித் தரும் ஒரு சின்ன இடத்தில் வேலை. எங்களிடம் வருவதில் முக்கால்வாசி 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சானவை. தும்பிக்கை வைத்த லை, ளை, ணை, னை, சுழித்துக்கொண்டு போகும் ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள் என்று 13 எழுத்து. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் சாஃப்ட்வேரின் தமிழ் மாடல் எங்கள் பக்கங்களில் இந்த இடங்களில்தான் திரும்பத் திரும்ப வழுக்குகிறது. கையால் திருத்திய பக்கங்கள் எங்களிடம் குவிந்து கிடப்பதால், அவற்றை வைத்து மாடலுக்கு மேற்கொண்டு பயிற்சி கொடுக்கலாம் என்று இறங்கினேன்.

ஆபீஸில் இருப்பது உபுண்டு 20.04 போட்ட பழைய டெஸ்க்டாப், அதற்குத்தான் சர்வர் என்று பெயர். எனக்கு சூடோ, அதாவது சிஸ்டத்தில் எதையும் போடும் அட்மின் உரிமை, கிடையாது. அட்மின் அண்ணன் புதன்கிழமை மட்டும் வருவார். கம்பைலர், ஆட்டோமேக், பில்டுக்கு லைப்ரரி தேடித் தரும் பிகேஜி-கான்ஃபிக் எல்லாம் அவர் முன்பே போட்டு வைத்திருக்கிறார். உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜரான ஏப்ட்டில் கிடைப்பது டெசராக்ட் 4.1.1. பயிற்சிக்கான டெஸ்டிரெய்ன் 5.3 அல்லது அதற்கு மேல் கேட்கிறது. ஆகவே சோர்ஸிலிருந்து பில்ட் செய்தேன். முதலில் படங்களைத் திறக்கும் லைப்ரரியான லெப்டோனிகா, பிறகு டெசராக்ட், இரண்டும் என் ஹோம் ஃபோல்டருக்குள்.

வேண்டியதெல்லாம் மெஷினில் இருக்கிறதா என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் எரர் இல்லாமல் முடிந்தது. பில்டைச் செய்யும் மேக்கைப் போட்டுவிட்டு டீக்குப் போய், அப்படியே மெஸ்ஸில் சாப்பிட்டும் வந்தேன், அதுவும் முடிந்திருந்தது. சந்தோஷமாக மேக் டிரெய்னிங் என்று கொடுத்தால், திரும்பக் கான்ஃபிகர் செய்யச் சொல்லி ஒரே ஒரு வரி வந்தது. மேலே ஏற்றிப் பார்த்தால் ஐசியு இல்லை, பாங்கோ இல்லை, கெய்ரோ இல்லை (மூன்றும் எழுத்தையும் படத்தையும் கையாளும் லைப்ரரிகள்), டிரெய்னிங் டூல்ஸ் பில்ட் ஆகாது என்று கான்ஃபிகர் அப்போதே முனகியிருக்கிறது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே நான் பார்க்கவில்லை.

குழப்பம் இங்கேதான். மெஷினில் உள்ள லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிகான்ஃபிக் கொடுத்துத் தேடினால் ஐசியு, பாங்கோ, கெய்ரோ மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. இருப்பதை ஏன் இல்லை என்கிறது?

இன்னொன்று, பில்ட் ஆன டெசராக்டிடம் ஒரு டிஃப் படத்தைக் கொடுத்தால் அதுவும் திறக்கவில்லை, "ஃபங்ஷன் நாட் பிரெசன்ட்" என்கிறது. நம் ஸ்கேன் எல்லாமே டிஃப்தான்!

அரை நாள் போன பிறகு தெரிவதை முதல் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ள முடியாதா? கம்பைலர் சரியானதா, லைப்ரரி எல்லாம் இருக்கிறதா என்று நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?


கிண்டி_கம்பைலர் எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில்: நீங்கள் பார்த்தது ஓடுவதற்கான லைப்ரரி. பில்டுக்கு வேண்டியது அதன் டெவ் பேக்கேஜ். டெபியன், உபுண்டு குடும்பத்தில் இரண்டும் தனித்தனி. ரெட்ஹேட் பக்கம் பெயர் டெவல் என்று முடியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் மெஸ்ஸையே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சமையல் நடக்கிறது, ஆனால் வாசலில் போர்டு எழுதி மாட்டவில்லை. என்ன உண்டு, எத்தனை ரூபாய் என்று தெரியாமல் என்னவென்று ஆர்டர் கொடுப்பீர்கள்? அந்தப் போர்டுதான் ஹெடர் ஃபைல், டெவ் பேக்கேஜில் வருவது.

இன்னும் ஒரு சங்கதி இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. உபுண்டு 20.04-இல் ஐசியு லைப்ரரியின் பெயர் எஸ்ஓ என்ற ஒட்டுக்குப் பின்னால் 66 என்ற எண்ணோடு இருக்கும். ஏற்கெனவே பில்ட் ஆன புரோகிராம்கள் எண்ணோடு சேர்த்துத்தான் தேடும், அதனால் அவை ஓடும். பில்டின் கடைசியில் லைப்ரரிகளைச் சேர்த்துக் கட்டும் லிங்கர் அப்படித் தேடாது, எண் இல்லாத மொட்டைப் பெயரைத் தேடும். அந்த மொட்டைப் பெயரில் வேறு ஃபைலைக் காட்டும் ஒரு சிம்லிங்கைக் கொண்டுவந்து வைப்பதும் டெவ் பேக்கேஜ்தான். அதோடு பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் பிசி ஃபைலும் அதிலேயே வரும். ஆக எல்டிகான்ஃபிக் பட்டியலை வைத்து பில்ட் ஆகுமா ஆகாதா என்று முடிவு கட்டாதீர்கள். அது சொல்வது ஓடுமா ஓடாதா என்பதை மட்டும்.

கேட்க வேண்டியது பிகேஜி-கான்ஃபிக்கிடம். மோட்வெர்ஷன் என்ற ஆப்ஷனோடு பெயரைக் கொடுத்தால் வெர்ஷன் எண் வரும், இல்லையென்றால் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். பேக்கேஜ் பெயர் வேறு, பிசி பெயர் வேறு என்பதில் மட்டும் கவனம். லெப்டோனிகாவுக்கு அங்கே பெயர் வெறும் லெப்ட். ஐசியுவுக்கு ஐசியு-யூசி, ஐசியு-ஐ18என் என்று இரண்டு. பாங்கோவில் பாங்கோ, பாங்கோகெய்ரோ, பாங்கோஎஃப்டி2 என்று மூன்றையுமே டெசராக்ட் கேட்கும். எந்தப் பெயரைக் கேட்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. சோர்ஸ் ஃபோல்டரில் கான்ஃபிகர்.ஏசி என்ற ஃபைலைத் திறந்து பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் என்று தேடுங்கள், வேண்டிய பெயரும் குறைந்தபட்ச வெர்ஷனும் பக்கத்திலேயே இருக்கும். சிமேக் என்ற வேறு பில்ட் முறை என்றால் ஃபைண்ட்_பேக்கேஜ் என்று தேட வேண்டும்.

நான் எந்தச் சோர்ஸை இறக்கினாலும் ரீட்மீயைவிட முதலில் திறப்பது இந்த ஃபைலைத்தான். ரீட்மீ எழுதியவர் மறந்துபோயிருக்கலாம், இது மறக்காது.


சும்மா_கேட்டேன் எழுதியது:

ஒரு சந்தேகம், பில்டே எதற்கு? உபுண்டு 24.04-இல் ஏப்ட்டிலேயே டெசராக்ட் 5.3.4 இருக்கிறது, பயிற்சி கொடுக்கும் எல்எஸ்டிஎம்டிரெய்னிங் டூல் எல்லாம் அந்தப் பேக்கேஜுக்குள்ளேயே வந்துவிடும். உங்கள் அட்மினிடம் சொல்லி மெஷினை ஏற்றிவிட்டால் கதை முடிந்தது. பில்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் செக் "இதை நான் பில்ட் செய்யத்தான் வேண்டுமா" என்பதுதான் என்பேன் :)


மேன்ஷன்வாசி எழுதியது:

நானும் கேட்டேன் நண்பா. அந்த மெஷினில்தான் பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுகிறது, அதைப் போட்டுக் கொடுத்தவர் இப்போது ஊரில் இல்லை, அதைத் தொட்டால் முதலாளி என்னைத் தொலைத்துவிடுவார். என் லேப்டாப்பில் செய்யலாம் என்றால் 4 ஜிபி ரேம், கத்திரியில் அது இஸ்திரிப் பெட்டி.

கிண்டி அண்ணா, பிகேஜி-கான்ஃபிக் கொடுத்துப் பார்த்தேன். லெப்ட் மட்டும் இருக்கிறது, அதுவும் நான் ஹோமில் போட்டது. மற்ற எல்லாமே இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இது முன்னாலேயே தெரிந்திருந்தால்!

டிஃப் விஷயம் என்னவென்று யாராவது சொல்லுங்கள்.


டெர்மினல்_தாத்தா எழுதியது:

தம்பி, அதில் டெசராக்ட் மேல் குற்றமில்லை. படத்தைத் திறப்பது லெப்டோனிகாவின் வேலை. நீங்கள் லெப்டோனிகாவை பில்ட் செய்த நேரத்தில் அந்த மெஷினில் டிஃப் டெவ் பேக்கேஜ் இருந்திருக்காது. பிஎன்ஜி, ஜேபெக் கதையும் அநேகமாக அதுவேதான். லெப்டோனிகாவுக்கு அவை கட்டாயம் இல்லை. இல்லையென்றால் அந்த வேலைகளுக்குப் பதில் வெறும் கூட்டை வைத்து பில்டை முடித்துக்கொண்டு போய்விடும். அந்தக் கூட்டைக் கூப்பிடும்போதுதான் "ஃபங்ஷன் நாட் பிரெசன்ட்" வரும். நிச்சயம் செய்துகொள்ள வேண்டுமானால் ஒரு படத்தை பிஎன்எம் என்ற எளிய பட வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பிஎன்எம்மும் பிஎம்பியும் லெப்டோனிகாவே நேராகப் படிக்கும், வெளி லைப்ரரி வேண்டாம். அது திறந்தால் நான் சொன்னதுதான் காரணம்.

இன்னும் சுலபம், டெசராக்டிடம் --வெர்ஷன் கேளுங்கள். லெப்டோனிகா வெர்ஷனுக்குக் கீழே லிப்டிஃப், லிப்பிஎன்ஜி, லிப்ஜேபெக், இசட்லிப் என்று எதையெல்லாம் சேர்த்து பில்ட் ஆனதோ அது வரிசையாக வரும். உங்களுடையதில் அந்த வரி வற்றிப்போய் இருக்கும் பாருங்கள்.

உங்களுக்கு நடந்த இரண்டுமே ஒரே ஜாதி விபத்து. கட்டாயமான லைப்ரரி இல்லையென்றால் கான்ஃபிகர் கத்திக்கொண்டு நின்றுவிடும், அதில் யாருக்கும் நேரம் வீணாவதில்லை. விருப்பத்துக்குரியது இல்லையென்றால்தான் "நோ" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அதன் பார்வையில் விருப்பத்துக்குரியது, உங்கள் பார்வையில் அது இல்லாமல் வேலையே இல்லை. ஸ்கேன் முழுக்க டிஃப்பாக வைத்திருப்பவருக்கு டிஃப் எப்படி விருப்பத்துக்குரியது ஆகும்? அதை அந்த ஸ்கிரிப்டுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். லெப்டோனிகாவின் கான்ஃபிகரில் --வித்-லிப்டிஃப், --வித்-லிப்பிஎன்ஜி என்று வெளிப்படையாகக் கொடுங்கள். கொடுத்துவிட்டால், கிடைக்காதபோது கமுக்கமாகப் போகாமல் எரரோடு நிற்கும். டெசராக்டின் டிரெய்னிங் டூல்ஸ் மாதிரி ஆப்ஷனுக்கு அடங்காததற்கு வேறு வழி இல்லை. கான்ஃபிகரின் வெளியீட்டை ஒரு ஃபைலில் பிடித்து "நோ" என்று முடியும் வரிகளையும் "வார்னிங்" வரிகளையும் மட்டும் வடித்துப் படியுங்கள். முப்பது நாற்பது வரி வரும். பாதி உங்களுக்குச் சம்பந்தமில்லாத விண்டோஸ் சமாசாரமாக இருக்கும், மீதியைப் படிக்க ஒரு டீ நேரம்கூட ஆகாது.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருஷம் முன்னால் ஒரு வாடிக்கையாளருக்காக, பெயர் வேண்டாம், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம், இமேஜ் பார்த்து பாகங்களை எண்ணும் ஒரு புரோகிராம் எழுதினோம். எங்கள் மெஷினில் உபுண்டு 22.04. எல்லா லைப்ரரியையும் சரிபார்த்து, பில்ட் செய்து, டெஸ்ட் செய்து, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனால் அங்கே சென்ட்ஓஎஸ் 7. அநேகமாக எல்லா புரோகிராமும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் வெர்ஷன் கிடைக்கவில்லை என்று முதல் வரியிலேயே மூக்கை உடைத்தது. எங்களிடம் இருந்தது ஜிலிப்சி 2.35, அங்கே 2.17. ஜிலிப்சி பழையதில் பில்ட் ஆனதைப் புதியதில் ஓட்டும், புதியதில் பில்ட் ஆனதைப் பழையதில் ஓட்டாது. அங்கேயே பில்ட் செய்யலாம் என்றால் அங்கே இருந்த கம்பைலர் ஜிசிசி 4.8.5, எங்கள் கோட் அதற்குப் புரியாத சி++17. போன வேலை அன்றைக்கு நடக்கவில்லை. கம்பைலர் இருக்கிறதா என்று எங்கள் மெஷினில் பார்த்தோமே தவிர, ஓடப்போகும் மெஷினில் என்ன இருக்கிறது என்று ஒரு ஃபோன் போட்டுக் கேட்க ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்பத்தூரிலிருந்து ட்ரெயினில் திரும்பும்போது யாரும் யாரோடும் பேசவில்லை.

தம்பிக்கு பில்டும் ஓட்டமும் ஒரே மெஷின் என்பதால் இந்தத் தலைவலி இல்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு இந்தப் பக்கம் வருகிறவருக்கு உதவும்.


கிண்டி_கம்பைலர் எழுதியது:

தாத்தா சொன்னதோடு கம்பைலர் பற்றி இரண்டு வார்த்தை, தம்பி அதைக் கேட்டிருந்தார்.

வெர்ஷன் எண்ணைப் பார்த்து முடிவு செய்வது பாதிக் கிணறு. சி கம்பைலரான ஜிசிசி இருக்கும், சி++-க்கான ஜி++ இருக்காது. சி ஃபைல் பில்ட் ஆகும், சி++ வந்ததும் சிசி1பிளஸ் கிடைக்கவில்லை என்று நிற்கும். கம்பைலர் இருக்கும், ஆனால் கேட்கும் லைப்ரரி வசதி இருக்காது. சி++17-இன் ஃபைல்சிஸ்டம் ஹெடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிசிசி 7-இல் அது எக்ஸ்பெரிமென்டல் என்ற ஃபோல்டருக்குள்தான். 8-இல் சரியான இடத்துக்கு வந்துவிட்டது, ஆனால் லிங்க் செய்யும்போது எஸ்டிடிசி++எஃப்எஸ் என்று தனியாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். 9-இல்தான் எதுவும் செய்யாமல் ஓடும். மூன்று கம்பைலருமே --வெர்ஷன் கேட்டால் கம்பீரமாகத்தான் பதில் சொல்லும், சி++17 ஆப்ஷன் கொடுத்தாலும் மூன்றும் ஏற்றுக்கொள்ளும். உங்கள் 20.04-இல் ஜிசிசி 9, அதனால் தப்பித்தீர்கள்.

ஆகவே ஐந்து வரியில் ஒரு சி++ ஃபைல் எழுதி, வேண்டிய ஹெடரைச் சேர்த்து, அதிலிருந்து ஒரே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, கம்பைல் செய்து, லிங்க் செய்து, ஓட்டியும் பார்த்துவிடுங்கள். கான்ஃபிகர் ஸ்கிரிப்டும் உள்ளே இதையேதான் செய்கிறது. 1991-இல் டேவிட் மெக்கன்சி, கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளை உண்டாக்கும் ஆட்டோகான்ஃப் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து வழி இதுதான். கான்ஃப்டெஸ்ட் என்ற பெயரில் ஒரு குட்டி புரோகிராமை எழுதும், பில்ட் ஆகிறதா என்று பார்க்கும், ஆகிவிட்டால் எஸ், ஆகாவிட்டால் நோ. திரையில் வருவது அந்த ஒரு சொல் மட்டும். ஏன் நோ என்பது கான்ஃபிக்.லாக் ஃபைலில் இருக்கும், அந்தக் குட்டி புரோகிராமும் கம்பைலரின் புலம்பலும் சேர்த்து.

அந்த லாகில் எந்தச் சொற்றொடர் வருகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். ஹெடர் பெயரைப் போட்டு "நோ சச் ஃபைல்" என்றால் டெவ் பேக்கேஜ் இல்லை, அல்லது வேறு இடத்தில் இருக்கிறது. "கெனாட் ஃபைண்ட்" என்று லைப்ரரி பெயரோடு வந்தால் நான் முன்னால் சொன்ன மொட்டைப் பெயர் சிம்லிங்க் இல்லை. "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" வந்தால் லைப்ரரி கிடைத்துவிட்டது, ஆனால் அது நீங்கள் நினைத்த வெர்ஷன் இல்லை, அல்லது லிங்க் வரிசை தப்பு. பிகேஜி-கான்ஃபிக் வழியாகத் தேடியதில் கான்ஃப்டெஸ்ட் இருக்காது, தேடிய பாதையில் அந்தப் பேக்கேஜ் இல்லை என்ற வரி மட்டும் இருக்கும்.


பெரம்பூர்_லோகோ எழுதியது:

எல்லாரும் "டெவ் போடு, டெவ் போடு" என்கிறீர்கள், அவருக்கு சூடோ இல்லையே, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை!

சூடோ இல்லாமலும் ஏப்ட்டிடம் கேள்வி கேட்கலாம். ஏப்ட்-கேஷ் பாலிசி என்று பேக்கேஜ் பெயர் கொடுத்தால் போட்டிருக்கிறதா, போட்டால் எந்த வெர்ஷன் வரும் என்று சொல்லும். ஏப்ட்-கெட்டோடு எஸ் ஆப்ஷன் சேர்த்து இன்ஸ்டால் கொடுத்தால் ஒத்திகை மட்டும் பார்க்கும், எதையும் தொடாது. கூடவே என்னென்ன இழுத்துக்கொண்டு வரும், எதையாவது கழற்றிப் போடுமா என்பதெல்லாம் தெரியும். பில்லிங் சாஃப்ட்வேர் பயம் இருக்கிறதல்லவா, அந்த வெளியீட்டை அப்படியே அட்மினுக்கு அனுப்புங்கள். "எதுவும் நீக்கப்படாது, இத்தனை புதிதாக வரும்" என்று பார்த்தால் அவருக்கும் தைரியம் வரும்.

புதன்வரை பொறுக்க முடியாது என்றால் ஏப்ட் டவுன்லோட் கொடுத்து பேக்கேஜின் டெப் ஃபைலை உங்கள் ஹோமுக்கே இறக்கலாம், டிபிகேஜியின் எக்ஸ் ஆப்ஷனால் ஒரு ஃபோல்டருக்குள் பிரிக்கலாம், இரண்டுக்கும் சூடோ வேண்டாம். ஆனால் இதில் மூன்று குழி உண்டு, மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

டெவ் பேக்கேஜில் வரும் அந்தச் சிம்லிங்க் பக்கத்தில் இருக்கும் எண் போட்ட ஃபைலைக் காட்டும். நீங்கள் டெவ்வை மட்டும் பிரித்தால் பக்கத்தில் ஒன்றும் இருக்காது, சிம்லிங்க் அந்தரத்தில் தொங்கும். ஓடும் லைப்ரரியின் டெப்பையும் இறக்கி அதே ஃபோல்டரில் பிரிக்க வேண்டும்.

பிசி ஃபைலுக்குள் பிரிஃபிக்ஸ் யூஎஸ்ஆர் என்றே எழுதியிருக்கும். பிகேஜி_கான்ஃபிக்_பாத்தை உங்கள் ஃபோல்டருக்குக் காட்டினால் ஃபைல் கிடைக்கும், ஆனால் அது சொல்லும் பாதை பழைய இடத்துக்கே போகும். இதற்கு சிஸ்ரூட் என்று ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கிறது, நெட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். உங்கள் கேஸில் போடாதீர்கள். அது எல்லா பாதைக்கும் முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும், ஹோமில் ஒழுங்காக இருக்கும் லெப்டோனிகாவின் பாதையும் சேர்ந்து கெட்டுப்போகும். பிசி ஃபைலைத் திறந்து பிரிஃபிக்ஸ் வரியைக் கையால் மாற்றிவிடுங்கள், சிலதில் லிப்டிர், இன்க்ளூட்டிர் வரிகளிலும் நேராகப் பாதை எழுதியிருக்கும், அதையும்.

மூன்றாவது பாங்கோ. பிஎன்ஜிக்கும் டிஃபுக்கும் இந்த வழி சரி. பாங்கோவை இப்படிக் கொண்டுவர முயன்றால் அது ஜிலிப் கேட்கும், ஹார்ஃபஸ் கேட்கும், ஃப்ரிபிடி, ஃபான்ட்கான்ஃபிக், ஃப்ரீடைப், கெய்ரோ, அப்புறம் எக்ஸ்11 வரை போகும். கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் வேன் வைத்து வருகிற குடும்பம் மாதிரி. அதற்கு அட்மினைக் கெஞ்சுங்கள், இல்லையென்றால் சூடோ வேண்டாத பேக்கேஜ் களஞ்சியமான கோண்டா-ஃபோர்ஜிலிருந்து எடுங்கள், அங்கே ஹெடரோடு வரும்.

கோண்டா எடுத்தால் ஒன்று. அது பாதையில் முன்னால் வந்து உட்கார்ந்ததும் பிகேஜி-கான்ஃபிக், கம்பைலர் எல்லாம் எந்த வீட்டுடையது என்று விச் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பைலர் சிஸ்டத்துடையது, ஹெடர் கோண்டாவுடையது, லைப்ரரி ஹோமுடையது என்று கலந்தால் பில்ட் ஆகும், ஓட்டும்போது எங்கேயாவது செத்துவிழும். எங்கே விழுந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் உங்களுக்கு வயதாகிவிடும்.


சும்மா_கேட்டேன் எழுதியது:

பாங்கோ எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. அவர்தான் ஸ்கேன் படங்களை வைத்துப் பயிற்சி கொடுக்கப்போகிறாரே, ஃபான்ட்டை வைத்துப் படம் வரையப்போவதில்லையே?


கிண்டி_கம்பைலர் எழுதியது:

நல்ல கேள்வி. பாங்கோ, கெய்ரோ இரண்டும் டெக்ஸ்ட்2இமேஜ் என்ற டூலுக்குத்தான் வேண்டும், எழுத்திலிருந்து படம் உண்டாக்குவது அது. எல்எஸ்டிஎம்டிரெய்னிங்குக்கு வேண்டாம். ஆனால் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஐசியு, பாங்கோ, கெய்ரோ மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. ஒன்று இல்லையென்றால் டிரெய்னிங் டூல்ஸ் மொத்தமும் கிடையாது. எனக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் அதைப் பிரித்து எழுதுவதைவிட அட்மினுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பது சுலபம்.


நள்ளிரவு_மேக் எழுதியது:

லேட்டாக வருகிறேன். எல்லோரும் "நோ" என்று வந்தால் லைப்ரரி இல்லை என்றே எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள், அதைக் கொஞ்சம் கிளறுகிறேன். செக் செய்யும் அந்தக் குட்டி புரோகிராமே தப்பாக இருந்தாலும் பதில் "நோ"தான்.

2024-இல் ஜிசிசி 14 வந்தபோது இது பெரிய அளவில் நடந்தது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவது அதுவரை வெறும் வார்னிங், 14-இல் அது எரர். பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் பலவற்றில் அந்த டெஸ்ட் புரோகிராம்கள் எக்சிட் ஃபங்ஷனைக்கூட ஹெடர் சேர்க்காமல் கூப்பிடும். லைப்ரரி கல்லுக்குண்டாக இருக்கும், டெஸ்ட் பில்ட் ஆகாது, ஸ்கிரிப்ட் "இல்லை" என்று எழுதிவிட்டு, அந்த வசதியே இல்லாமல் பில்டை முடித்துவிடும். எரரும் வராது. லினக்ஸ் டிஸ்ட்ரோக்காரர்கள் கான்ஃபிக்.லாகுகளைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

இதைவிடப் பயங்கரம் அதே வருஷம் மார்ச்சில் வெளிவந்த, ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த பின்கதவு. 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள். தூரத்து மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற புரோகிராமர் நோண்டப்போய் மாட்டியது, அது எல்லோருக்கும் தெரியும். அதோடு சேர்ந்து இன்னொரு நாச வேலையும் கண்டுபிடித்தார்கள், அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் இருக்கிறதா என்று பார்க்கும் சிமேக் செக்கின் குட்டி புரோகிராமுக்குள் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி. அவ்வளவுதான், ஒரே ஒரு புள்ளி. அது இருப்பதால் புரோகிராம் எந்த மெஷினிலும் பில்ட் ஆகாது. எங்கே செக் செய்தாலும் "லேண்ட்லாக் இல்லை" என்றே வரும், பாதுகாப்பு இல்லாமலே பில்ட் ஆகும், யாருக்கும் சந்தேகம் வராது. இல்லாத லைப்ரரிக்கும் வேண்டுமென்றே உடைத்த செக்குக்கும் திரையில் பார்க்க வித்தியாசமே இல்லை, லாகைத் திறந்தால்தான் உண்டு.

மேன்ஷன்வாசிக்கு இது இன்றைக்குத் தேவையில்லை. இருக்கிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை கான்ஃபிகர் இல்லை என்று சாதித்தால் அப்போது நினைவுக்கு வரட்டும்.


மேன்ஷன்வாசி எழுதியது:

அப்டேட். தாத்தா சொன்ன மாதிரி பிஎன்எம் கொடுத்தேன், திறந்தது. --வெர்ஷனில் லெப்டோனிகாவுக்குக் கீழே இசட்லிப் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது, பார்க்கவே பாவமாக இருந்தது.

பெரம்பூர் அண்ணன் வழியில் டிஃப், பிஎன்ஜி, ஜேபெக் மூன்றின் டெப்பையும் இறக்கிப் பிரித்தேன். சிம்லிங்க் குழியில், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகும், விழுந்தேன். ஜேபெக்குக்கு டெவ் டெப் ஒன்றுக்கு மேல் இருக்கிறது, முதலில் கிடைப்பது வெறும் பெயருக்கு, உள்ளே ஒன்றும் இல்லை, நிஜமானது டர்போ என்ற பெயரில் இன்னொன்று. லெப்டோனிகாவை மூன்று வித் ஆப்ஷனோடும் கான்ஃபிகர் செய்தேன். முதல் தடவை ஜேபெக் கிடைக்கவில்லை என்று எரரோடு நின்றது, இவ்வளவு சந்தோஷமாக ஒரு எரரை நான் பார்த்ததே இல்லை. பாதையைத் திருத்திய பிறகு போனது. ஓட்டும்போது ஹோமில் இருக்கும் லெப்டோனிகாவை எடுக்கிறதா என்று எல்டிடி கொடுத்தும் பார்த்துவிட்டேன்.

பாங்கோவும் ஐசியுவும் ஒத்திகை வெளியீட்டோடு அட்மின் அண்ணனுக்கு அனுப்பினேன். புதன் காலை வந்தார், பார்த்தார், "எதையும் கழற்றாதுல்ல?" என்று ஒரே கேள்வி கேட்டார், போட்டுக் கொடுத்தார். இரண்டு நிமிஷம். டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். கான்ஃபிகர்.ஏசியிலிருந்து எடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக பிகேஜி-கான்ஃபிக்கிடம் குறைந்தபட்ச வெர்ஷனோடு கேட்கும், ஃபைல்சிஸ்டம் ஹெடர் சேர்த்த ஐந்து வரி சி++ ஃபைலை பில்ட் செய்து ஓட்டும், கம்பைலரும் பிகேஜி-கான்ஃபிக்கும் எந்தப் பாதையிலிருந்து வருகின்றன என்று எழுதும், ஒன்று தப்பினாலும் அங்கேயே நின்றுவிடும். கடைசியில், பில்ட் ஆன பிறகு, ஒரு நிஜமான டிஃப் பக்கத்தைத் திறந்து பார்க்கும்.

எல்எஸ்டிஎம்டிரெய்னிங் ஓடிக்கொண்டிருக்கிறது. 400 வரி கொடுத்திருக்கிறேன். தும்பிக்கை லை கொஞ்சம் பிடிபடுகிறது, ணை இன்னும் இல்லை.


டெர்மினல்_தாத்தா எழுதியது:

400 போதாது தம்பி. ணை வருகிற வரிகளாகப் பொறுக்கிச் சேருங்கள். யூபிஎஸ் இருக்கிறதா? அங்கே சாயங்காலம் கரன்ட் போகும்.


மேன்ஷன்வாசி எழுதியது:

யூபிஎஸ் இருக்கிறது தாத்தா, பில்லிங் மெஷினாச்சே. பேட்டரிதான் போன வருஷமே செத்துவிட்டதாம், இப்போதுதான் சொன்னார்கள். பயிற்சியை நடுவில் சேமிக்கும் செக்பாயின்ட்டை எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை எழுதுகிறது என்று பார்க்கப் போகிறேன்.